ஆனந்தராஜ் அமைதியான வகை

ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்த ஆனந்தராஜ், நாற்பத்து மூன்று வயதுவரை தன்னைப் பற்றி ஒன்றும் தெரியாமலேயே காலம் தள்ளிவிட்டார். பெயர் தெரியும், ஊர் தெரியும், பெண்டாட்டிக்கு எப்போது கோபம் வரும் என்பது ஓரளவுக்குத் தெரியும். தான் என்ன வகை மனிதர் என்பது மட்டும் தெரியாது. அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு கேள்வித்தாள் வர வேண்டியிருந்தது.

குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டினாற்போல இருக்கும் குடியிருப்பில் பிறந்தவர். அம்மா செல்லி, அடுத்தவர் தோட்டத்தில் களையெடுப்பு இல்லாத நாட்களில் சாலையோரம் கூடையை வைத்துக்கொண்டு மாங்காயும் கொய்யாவும் விற்றாள். லாரி நின்றால் ஓடிப்போய்க் கூவுவது ஆனந்தராஜின் வேலை. கர்நாடகா வண்டி என்றால் கன்னடம், சித்தூர் வண்டி என்றால் தெலுங்கு. இப்படியாக மூன்று மொழியிலும் அவருக்கு முதலில் பேரம் வந்தது, அப்புறம் வசவு வந்தது. இலக்கணம் இன்னும் வந்து சேரவில்லை.

அந்த வாயை வைத்துத்தான் அவர் முன்னுக்கு வந்தார். ஒப்பந்தத்தில் மூட்டை ஏற்றும் ஆளாகச் சேர்ந்து, வந்த லாரிக்காரர்களோடு எல்லாம் பேசிப் பேசி, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது கம்பெனியில் வேறு யாரையும்விட இவருக்கு அதிகமாகத் தெரிந்துவிட்டதால், நிர்வாகம் இவரையே அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக்கியது. சரக்கு ஏற்றும் மேடையில் அவர் நின்று பேசினால் கேன்டீனில் கேட்கும். ஒரு ஓட்டுநரின் மகள் கல்யாணம் எதனால் தள்ளிப்போகிறது, இன்னொருவரின் மச்சான் ஏன் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் மாட்டினான், எல்லாம் அவருக்கு மனப்பாடம். வீட்டிலும் அதே கதைதான். அவர் மனைவி சுசித்ரா, சூளகிரிப் பக்கம் செல்போன் பாகங்கள் கோக்கும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில், இரவுச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சில் அவர் பங்கு போக மிச்சம் இருந்தால் அது அவளுக்கு. பெரும்பாலும் மிச்சம் இருக்காது.

கம்பெனிக்கு வெங்கட் என்று ஒரு மனிதவள மேலாளர் வந்தார். முப்பதைத் தாண்டியவர். தினமும் பெங்களூரிலிருந்து காரில் வருவார். ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் யோசித்து, ஆங்கிலத்தில் முடிப்பார். தொழிலாளர் நலனில் அவருக்கு இருந்த அக்கறை கொஞ்சநஞ்சமல்ல. வந்ததும் எல்லோரையும் யோகா செய்ய வைத்தார். அது சலித்ததும் எல்லோரையும் காலையில் ஒரு நிமிடம் சிரிக்க வைத்தார். கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்ற புகார் மட்டும் நலன் என்ற தலைப்பில் வராது என்பதால் அது கட்டடப் பிரிவுக்குப் போய்விட்டது.

அந்த வரிசையில்தான் ஆளுமைப் பரீட்சை வந்தது. மேற்பார்வையாளர்களையும் மேடையில் வேலை செய்பவர்களையும் பயிற்சி அறையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு டேப்லெட்டைக் கையில் கொடுத்தார்கள். ஏசி குளிரில் சமோசா விறைத்துக்கொண்டிருந்தது. உலகத்தில் மொத்தம் பதினாறே வகை மனிதர்கள்தான் என்று வெங்கட் விளக்கினார். எண்ணூறு கோடிப் பேரைப் பதினாறு அட்டைப்பெட்டியில் அடைத்துவிட முடியும் என்பது, பெட்டிகளோடே வாழ்ந்த ஆனந்தராஜுக்கு மிகவும் பிடித்திருந்தது. இதில் சரியான விடை, தவறான விடை என்று எதுவும் கிடையாது, மனதில் பட்டதைப் போடுங்கள் என்றும் வெங்கட் சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டு வைக்கும் பரீட்சையில்தான் தவறான விடைக்கு வேலை போகும் என்பது சிப்காட்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனந்தராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கேள்விகள் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு நடந்தே வந்திருந்தன. வந்த களைப்பு ஒவ்வொன்றிலும் தெரிந்தது. ‘மனிதர்கள் சூழ்ந்திருக்கையில் நீங்கள் ஆற்றல் மீள்நிரப்பப்படுகிறீர்களா?’ என்று ஒன்று. ஆனந்தராஜுக்குச் சரக்குத் தூக்கும் பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் ஞாபகம் வந்தது. சார்ஜ் போடும்போது ஆள் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. ஆகவே ‘இல்லை’ என்று போட்டார். ‘நீங்கள் அதிகம் பேசுபவர் என்று பிறர் கருதுகிறார்களா?’ இது எதற்காகக் கேட்கிறார்கள் என்பது சின்னக் குழந்தைக்கும் புரியும். ‘ஒருபோதும் இல்லை.’ ‘ஒரு முடிவை எடுக்கும் முன் தனிமையை நாடுவீர்களா?’ நாடாமல் என்ன. ‘உங்கள் மேசை ஒழுங்காக இருக்குமா?’ அவருக்கு மேசை கிடையாது. இருந்திருந்தால் ஒழுங்காகத்தான் இருந்திருக்கும் என்ற நம்பிக்கையில் ‘எப்போதும்’ என்று போட்டார். கோபம் வருமா, வராது. குறுக்கே பேசுவீர்களா, மாட்டேன். கம்பெனி எப்படிப்பட்ட ஆளை விரும்பும் என்று யோசித்து யோசித்து, அப்படி ஒரு உத்தமரை அந்த டேப்லெட்டில் அவர் உருவாக்கி முடித்தபோது, அவருக்கே அந்த மனிதர்மேல் ஒரு மரியாதை வந்திருந்தது.

பக்கத்து நாற்காலியில் மாதேஷ். அஞ்செட்டிக்காரன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். ஷிஃப்ட் முழுக்க அவன் பேசும் வார்த்தைகளை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். அவன் எல்லாக் கேள்விக்கும் ‘எப்போதும்’ என்பதையே தொட்டுக்கொண்டு போனான். விரலுக்குப் பக்கத்தில் இருந்தது அதுதான். எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு சமோசாவிடம் போனான்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. மாதேஷ், ‘மக்களை ஈர்க்கும் தலைவர்’. ஆனந்தராஜ், ‘அமைதியான ஆழ்சிந்தனையாளர்’.

மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனந்தராஜ் சிரிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோன அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். ‘நீங்கள் எளிதில் புரிந்துகொள்ளப்படாதவர். உங்கள் மௌனத்தின் ஆழத்தை உலகம் அறிவதில்லை’ என்று அதில் இருந்தது. இவ்வளவு நயமாக அவரைப் பற்றி யாரும் பேசியதில்லை. பதில்களெல்லாம் தான் இட்டுக்கட்டியவை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் கம்ப்யூட்டர் முட்டாளா என்ன, அதையும் தாண்டி உள்ளே இருப்பதைப் பார்த்திருக்கும் என்ற முடிவுக்கு இரண்டாவது முறை படிக்கும்போதே வந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்காக ஊருக்குப் போனார்கள். பந்தியில் உட்கார்ந்ததிலிருந்து தாம்பூலம் வாங்கும்வரை, தான் எவ்வளவு குறைவாகப் பேசுகிறவன் என்பதை ஆனந்தராஜ் எல்லோருக்கும் விளக்கினார். எதிரே இருந்தவர்கள் எழுந்து போய், அடுத்த பந்திக்காரர்கள் வந்து உட்கார்ந்தபோது, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். செல்லி ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்ப நான் பெத்து வளத்தது யார்ரா?”

அம்மா படிக்காதவள், அவளுக்கு இதெல்லாம் புரியாது என்று ஆனந்தராஜ் மன்னித்துவிட்டார்.

திங்கட்கிழமை வெங்கட் அழைத்தார். ஆழ்ந்த சிந்தனையாளர் ஒருவரை லாரிக்காரர்களின் கூச்சலுக்கு நடுவே நிறுத்திவைத்திருந்ததற்காகக் கம்பெனி வருத்தப்படுவதாகத் தெரிந்தது. இனி அவர் முதல் மாடியில், கண்ணாடி அறையில், தனியாக உட்கார்ந்து சரக்குத் தாமதங்களை ஆராய்வார். மேடையை மக்கள் தலைவர் மாதேஷ் பார்த்துக்கொள்வார். சம்பளம் அதேதான்.

கண்ணாடி அறையில் ஒரு மேசை இருந்தது. அது ஒழுங்காகவும் இருந்தது. கதவைச் சாத்தினால் கம்ப்ரஸர் சத்தம்கூடக் கேட்காது. முதல் நாள் ஆனந்தராஜ் நாற்காலியில் சுழன்று பார்த்தார். இரண்டாம் நாள் தண்ணீர் கேன் மாற்ற வந்தவரைப் பிடித்து உட்காரவைத்தார். அவர் அடுத்த தடவை கேனை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிவிட்டார். அப்புறம் பேச்சுத் துணைக்கு ஏசி மட்டுமே மிஞ்சியது.

கண்ணாடி வழியாகக் கீழே மேடை தெரியும். அங்கேதான் அவர் பெரும்பாலும் நின்றார். மாதேஷ் திணறுவான், வண்டிகள் வாசல்வரை வரிசைகட்டும், வெங்கட் ஓடிவருவார், அண்ணா கீழே இறங்கி வாங்க என்று கூப்பிடுவார்கள். இப்படி ஒரு காட்சி அவர் மனதில் தயாராக இருந்தது. கீழே அதற்கான அறிகுறி எதையும் காணோம். வண்டி வரும். மாதேஷ் கையை நீட்டி இடத்தைக் காட்டுவான். சரக்கு ஏறும். மாதேஷ் தலையை ஆட்டுவான். வண்டி போய்விடும். கன்னடக்காரருக்கும் தெலுங்குக்காரருக்கும் அதே கைதான், அதே தலைதான்.

மாலூருக்கு ஓட்டும் திம்மராயனை ஒரு நாள் காலை டிபன் நேரத்தில் கேன்டீனில் பிடித்து, புது ஏற்பாடு கஷ்டமாக இருக்குமே என்று ஆனந்தராஜ் அனுதாபத்தோடு விசாரித்தார்.

“கஷ்டமெல்லாம் இல்லண்ணா,” என்றார் திம்மராயன். “மொத மாதிரி இல்ல. மத்தியானச் சாப்பாட்டுக்கு வூட்டுக்கே போயிடறன்.”

அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். ஆனந்தராஜ் அன்றைக்குத் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தார்.

அதைவிடக் கொடுமை மேலே காத்திருந்தது. தாமதங்களை ஆராய வேண்டும் என்றால் தாமதம் இருக்க வேண்டும். மாதேஷ் வந்த பிறகு அது கிடைக்கவில்லை. எனவே ஆராய்வதற்குப் பழைய தாமதங்கள்தான் இருந்தன, அத்தனையும் ஆனந்தராஜ் காலத்தியவை. வண்டி பத்து மணிக்கு உள்ளே வந்திருக்கிறது, ஒன்றரைக்கு வெளியே போயிருக்கிறது, காரணம் எழுதுக. அவருக்குக் காரணம் நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்கு அந்த ஓட்டுநரின் மகள் கல்யாணப் பேச்சு ஒரு கட்டத்துக்கு வந்திருந்தது. இதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று தெரியாமல் ‘நிர்வாகக் காரணம்’ என்று போட்டார். அடுத்த வரிசைக்கும் நிர்வாகக் காரணம். அதற்கு அடுத்ததற்கும். பக்கம் நிரம்ப நிரம்ப, நிர்வாகம் என்றால் யார் என்பது அவருக்கே தெளிவாகிக்கொண்டு வந்தது.

ஒரே ஒரு வரிசையில் மட்டும் அவர் உண்மையை எழுதினார். இரண்டு நாள் தூங்காமல் சிவந்த கண்ணோடு வந்த திம்மராயனை, நாலு வார்த்தை பேசியதும் கண்டுபிடித்து, வண்டிச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தூங்கவைத்த நாள் அது. ‘ஓட்டுநர் தூங்கினார்’ என்று எழுதினார். வேலை நேரத்தில் தூங்கும் ஓட்டுநர்மேல் நடவடிக்கை எடுக்கலாமா என்று வெங்கட் கேட்டு அனுப்பினார். ஆனந்தராஜ் அவசரமாக அதையும் நிர்வாகக் காரணமாக்கினார்.

அறிக்கையில் சொன்னபடி தனிமையில் ஆற்றல் ஊறுகிறதா என்று சோதித்துப் பார்க்க ஒரு ஞாயிறு காலை ராமநாயக்கன் ஏரிக்கரைக்கும் போனார். வாயை மூடிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார். தண்ணீர் அவரைப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் நடைப்பயிற்சிக்கு வந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். ஆனந்தராஜ் வீட்டுக்கு வரும்போது இட்லி ஆறிப்போயிருந்தது. அந்தக் கண்டக்டரின் மூன்று மருமகன்களைப் பற்றியும் அவருக்கு ஒரு தெளிவான அபிப்பிராயம் இருந்தது.

வீட்டில் மட்டும் மௌன விரதத்தைக் கெட்டியாகக் கடைப்பிடித்தார். ஆழ்சிந்தனையாளர் மனைவியிடம் வளவளவென்று பேசினால் வகைக்கே அவமானம். தவிர, சொல்வதற்கும் அவரிடம் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க ஏசியைப் பார்த்துவிட்டு வருகிறவர் என்ன கதை சொல்லிவிட முடியும். முதல் நாள் சுசித்ரா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டாம் நாள் சர்க்கரை டெஸ்ட் எடுக்கலாமா என்றாள். மூன்றாம் நாள் இது நோயல்ல, நல்ல காலம் என்று புரிந்துகொண்டு, சாவகாசமாகப் பேச ஆரம்பித்தாள்.

ஆனந்தராஜுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவளுக்குப் பேச வரும் என்பது தெரியும், ஆனால் இவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது. வேனில் வரும் ஒடிசாப் பெண்கள், கண் வலிக்கும் சின்னச் சின்ன ஸ்க்ரூ, பக்கத்து லைன் ஜெயமணி தினமும் கொண்டுவரும் ராகிக் களி. அவள் குரலில் ஜவளகிரிப் பக்கத்துக் கன்னட இழுப்பு இன்னும் இருக்கிறது என்பதையே அவர் இப்போதுதான் கவனித்தார். அவள் நன்றாக ஆள்களைப் பேசிக்காட்டுவாள் என்பதும் இப்போதுதான் தெரிந்தது. ஒருதரம் சிரித்துக்கூட விட்டார்.

ஒரு நாள் சாயங்காலம் அவரைக்காய் உரித்துக்கொண்டே சொன்னாள், ஜெயமணியை லைன் லீடர் ஆக்கிவிட்டார்களாம்.

“நல்லதுதானே,” என்றார்.

“நல்லதுதான். மொதல்ல என்னத்தான் கேட்டாங்க. நான் வேணாம்னுட்டன்.”

“எப்ப?”

“பொங்கலுக்கு முன்னாடி. லைன் லீடருக்கு அஞ்சரை மணி வேன். வூட்டுல கேட்டுச் சொல்றன்னு வந்தன்.”

“எங்கிட்டக் கேக்கவே இல்லியே நீ.”

சுசித்ரா அவரைக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கேக்கத்தான் வந்தன். நீங்க அத்திப்பள்ளியில யாரோ மச்சான் மாட்டுன கதைய சொல்லிக்கிட்டிருந்தீங்க. முடிக்கட்டும்னு பாத்தன். அடுத்த நாளும் அதுவே ஓடிச்சி. அதுக்கு மறுநாள் பதில் கேட்டாங்க, வேணாம்னு சொல்லிட்டன். பெரிய விசயம் ஒண்ணுமில்ல, வுடுங்க.”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பார். கோபத்துக்குப் பதில் சொல்ல அவருக்கு மூன்று மொழி தெரியும். அவள் இதை வெயில், மழை போலச் சொன்னாள். ஆனந்தராஜ் ஒரு அவரைக்காயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். உரிக்கவில்லை. அந்த மச்சானின் பெயர் என்ன என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. பெயரே மறந்துபோன ஒரு மச்சானுக்காக இரண்டு ராத்திரி இவளைக் காக்கவைத்திருக்கிறார். அன்றைக்கு முதல்முறையாக, அறிக்கை கட்டளையிடாமலேயே அவர் பேசாமல் இருந்தார்.

மறுநாள் நேரே வெங்கட்டின் அறைக்குப் போனார்.

“சார், அந்தப் பரீட்சையில நான் போட்டதெல்லாம் பொய்யி. நான் அப்பிடிப்பட்ட ஆளே கெடயாது. நல்ல பேர் வரட்டும்னு போட்டுட்டன்.”

வெங்கட் பரிவோடு தலையசைத்தார். “ஆனந்தராஜ், தன்னையே சந்தேகப்படறது உங்க டைப்போட முக்கியமான குணம். ரிப்போர்ட்ல பதினோராம் பக்கம் பாருங்க.”

பதினோராம் பக்கத்தில் அது இருக்கத்தான் செய்தது. ஆனந்தராஜ் விடவில்லை. குருபரப்பள்ளிக் கூடையில் ஆரம்பித்து, சித்தூர் லாரி, மூட்டை தூக்கிய காலம், கேன்டீன்வரை கேட்கும் குரல் என்று மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை பேசினார். வெங்கட்டின் கண்கள் பனித்தன. ஒரு ஆழ்சிந்தனையாளர் இந்த அளவுக்கு மனம் திறந்தது இந்தக் கம்பெனிச் சரித்திரத்திலேயே முதல்முறை என்றும், கண்ணாடி அறை நன்றாக வேலை செய்கிறது என்றும், இதைப் பெங்களூர்த் தலைமை அலுவலகத்தில் படம் போட்டுக் காட்டப்போவதாகவும் சொன்னார். காட்டவும் செய்தார். படத்தில் ஆனந்தராஜ் ஜன்னலருகே நின்று எதையோ ஆழ்ந்து சிந்தித்துக்கொண்டிருந்தார். உண்மையில் அவர் கீழே மாதேஷ் எங்காவது தடுக்கி விழுவானா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

தலைமை அலுவலகத்துக்கு அந்தப் படம் மிகவும் பிடித்துப்போனது. தனிமையான அறை ஒருவரையே இவ்வளவு மாற்றும் என்றால் எல்லோரையும் எவ்வளவு மாற்றும். உடனே அந்த அறையை ஊழியர்களின் மன அமைதி அறையாக மாற்றும்படி உத்தரவு வந்தது. மேசையை எடுத்துவிட்டுப் பாய் போட்டார்கள், சுவரில் ஒரு அருவியை ஒட்டினார்கள். தொழிலாளர்கள் ஷிஃப்டுக்கு நடுவே அங்கே போகக் கூடாது என்பதால் அறை உண்மையிலேயே அமைதியாக இருந்தது. அமைதியான ஆழ்சிந்தனையாளர் உட்கார மட்டும் இடமில்லாமல் போனது. அவரை எங்கே வைப்பது என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, வெளியுலகப் பழக்கத்தை வளர்த்துக்கொள்ள ஒரு நல்ல வாய்ப்பு என்று சொல்லி மேடைக்கே திருப்பி அனுப்பினார்கள். பொறுப்பாளர் மாதேஷ்தான். ஆனந்தராஜ் அவனுக்குத் துணை.

தன் கீழே வேலை பார்த்தவனிடம் போய்த் துணையாக நிற்பது லேசான காரியமில்லை. வாசல்வரை வந்து ஒரு தரம் திரும்பிப் போனார். அப்புறம் வந்தார். மாதேஷ் அவரைப் பார்த்தான். இரண்டு மாதமாகப் போனில் யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருந்ததில் இளைத்துப்போயிருந்தான். போன் அடித்தது. அதை எடுத்து, யாரென்றுகூடப் பார்க்காமல் ஆனந்தராஜ் கையில் வைத்தான்.

“நீ பேசுண்ணா. எனக்கு வாயி நோவுது.”

அன்றிலிருந்து ஏற்பாடு அப்படியே அமைந்துவிட்டது. மாதேஷ் இடத்தைக் காட்டுவான், ஆனந்தராஜ் பேசுவார், பேச்சு நீண்டுபோனால் மாதேஷ் ஃபோர்க்லிஃப்ட் ஹாரனை ஒரு தடவை அடிப்பான். அவர் நிறுத்திக்கொள்வார், பெரும்பாலும். கண் சிவந்து வருகிறவர்களை மட்டும் ஹாரன் அடித்தாலும் விடுவதில்லை.

சுசித்ராவிடம், மறுபடி கேட்டால் சரியென்று சொல்லு என்று அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சொல்லிவிட்டு, அதற்குமேல் விளக்கிப் பேசாமல் இருப்பதற்காக எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். தொழிற்சாலையில் புது லைன் திறந்தபோது அவளே போய்க் கேட்டாள். கொடுத்தார்கள். இப்போது அஞ்சரை மணி வேனில் போகிறாள். காலைச் சமையல் ஆனந்தராஜ். அவர் வைக்கும் சாம்பாரைப் பற்றிச் சுசித்ராவுக்குக் கருத்து இருக்கிறது, அதை அவள் மறைப்பதும் இல்லை.

இரவுச் சாப்பாட்டில் பழைய வெள்ளம் திரும்பிவிட்டது, அதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை. ஆனால் தட்டு வைத்ததும் முதலில், “இன்னிக்கி லைன்ல என்னாச்சி?” என்று கேட்கிறார். கேட்டுவிட்டு, வாயை இறுக்கி வைத்துக்கொண்டு, மூச்சுப் பிடித்தவர் போல உட்கார்ந்திருக்கிறார். நாலாவது வாய்ச் சோற்றுக்குள், அந்த மாதிரிதான் நம்ம மேடையிலயும் ஒருத்தன் என்று ஆரம்பித்துவிடுகிறார்.

“இருங்க,” என்கிறாள் சுசித்ரா, “நான் இன்னும் முடிக்கல.”

அவர் ரசத்தை ஊற்றிக்கொள்கிறார்.